ஒரு பரிசும் மூன்று விடைகளும்

1. தோற்றுவாய்

நூலுக்குப் பரிசளித்தலும் திறனாய்வின் பாற்பட்டதே. திறனாய்வாளர் ஒரு நூலைக் கற்று, அதன் நிறை குறைகளைக் காரணங்காட்டி எழுதுகின்றார். பரிசுக் குழுவினர் பல நூல்களைக் கற்று, அவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து, சில வரிகளில் காரணம் கூறி அமைகின்றனர். முன்னதில் விளக்கம் மிகுதி. பின்னதில் விளைவு மிகுதி. பரிசு பெற்ற நூல் பல்கலைக்கழகங்களில் பாடமாகின்றது. அதன் கலைச்சொற்கள் மாணவர் நாவிற் பயில்கின்றன. அது எழுப்பிய வினாவே நாளடைவில் அத்துறையின் வினாவாக நிலைபெறுகின்றது. இத்துணை ஆற்றல் வாய்ந்த தீர்ப்பினை ஆராயாது ஏற்றல் ஆராய்ச்சியுலகிற்கு அழகன்று.

பரிசிலை அளவால் மதியாது, அது தரப்பட்ட முறையால் மதித்தமை நம் பண்டைப் புலவர் மரபு. தம்மைக் காணாமலே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏலாது மறுத்த செய்தியைப் புறநானூற்றின் 208ஆம் பாட்டு உணர்த்தும். தகுதியை அறிந்து தருவதே பரிசில், அறியாது தருவது வெறும் பொருள் என்பது அவர் கொண்ட நெறி. இவ்வளவுகோல் இக்காலத்து ஆராய்ச்சிப் பரிசுகட்கும் பொருந்துவதாகும். பரிசளித்தோர் நூலில் எதனைக் கண்டனர்? எதனைக் காணாது விட்டனர்? இவ்விரு வினாக்களையும் ஒரு குறிப்பிட்ட பரிசின்மேல் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டது, 1903இல் நிறுவப்பெற்ற அமெரிக்க அரசியல் அறிவியற் கழகம் உட்ரோ வில்சன் அறநிலையத்தின் பெயரால் ஆண்டுதோறும் சிறந்த நூலுக்கு வழங்கி வந்த பரிசு. செல்வ வேறுபாட்டிற்கும் ஆட்சியதிகாரத்திற்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த மூன்று நூல்கள், வெவ்வேறு காலத்தில் இவ்வொரு பரிசினையே பெற்றன. இராபர்ட் டால் எழுதி 1961இல் வெளிவந்த ‘ஆள்பவர் யார்?’ ஒன்று, சார்லஸ் லிண்ட்புளோம் 1977இல் வெளியிட்ட ‘அரசியலும் சந்தைகளும்’ மற்றொன்று, மார்ட்டின் கிலென்ஸ் 2012இல் வெளியிட்ட ‘செல்வமும் செல்வாக்கும்’ மூன்றாவது. நூற்பெயர்களை ஈண்டுத் தமிழாக்கித் தந்துள்ளோம். மூன்றும் ஒரே வினாவை வினவுகின்றன. விடையிலோ பெரிதும் மாறுபடுகின்றன. ஒரே பரிசு மூன்று விடைகட்கும் உரியதாயிற்று எனின், அப்பரிசு எதனைப் போற்றியது என்பது ஆராயற்பாலது.

2. சொல்லும் பொருளும்

இவ்வாராய்ச்சியில் இன்றியமையாத சொற்கள் இரண்டு. அவற்றின் பொருளை வரையறுத்துக்கொள்ளாது மேற்செல்லின் மயக்கம் நேரும்.

ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக வழங்குவது தமிழில் ‘வகுப்பு’ எனவும் ‘வர்க்கம்’ எனவும் இரண்டாகப் பிரிந்துள்ளது. தமிழகத்துப் பொதுவாழ்வில் ‘வகுப்பு’ என்பது சாதி, சமயம் பற்றிய பிரிவினைக் குறித்து நிலைபெற்றது. 1921 முதல் சென்னை மாகாணத்தில் பிறப்பிக்கப்பட்ட வகுப்புவாரி ஆணைகளில் அச்சொல் அப்பொருளிலேயே ஆளப்பட்டது. கல்லூரிச் சேர்க்கையில் அவ்வாணை செல்லாதென உச்ச நீதிமன்றம் 1951இல் தீர்ப்பளித்ததும், அவ்வாண்டிலேயே அரசியலமைப்பின் முதல் திருத்தம் பின்தங்கிய வகுப்பினர்க்குத் தனிவழி செய்ததும் யாவரும் அறிந்தன. ‘வர்க்கம்’ என்பதோ பொதுவுடைமை இயக்கத்தார் எழுத்துக்களால் வழக்கிற்கு வந்து, உடைமையும் உழைப்பும் பற்றிய உறவினைக் குறிப்பதாயிற்று.

இவ்விருமை நமக்கு ஒரு தெளிவினைத் தருகின்றது. வர்க்கம் என்பது உறவு. ஒருவர் கூலி தருவார், மற்றொருவர் கூலி பெறுவார் என்னும் தொடர்பின்கண் அது தோன்றுவது. ஏற்றத்தாழ்வு என்பது அளவு. வருமானம், கல்வி, செல்வாக்கு ஆகியவற்றுள் ஒருவரினும் மற்றொருவர் எவ்வளவு மிகுதி அல்லது குறைவு என்று எண்ணிக் கூறப்படுவது. அமெரிக்க அரசியல் ஆய்வாளர் பெரும்பாலும் இரண்டாவதனையே அளந்தனர். முதலாவதனைப் பற்றிய முடிபினை அதனின்று பெற முயன்றனர். இவ்வேறுபாட்டினை உளங்கொண்டே பின்வரும் நூல்களை நோக்குதல் வேண்டும்.

3. முதல் விடை: சிதறிய ஏற்றத்தாழ்வு

டால் யேல் பல்கலைக்கழகப் பேராசிரியர். அப்பல்கலைக்கழகம் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரையே அவர் ஆய்வுக்களமாகக் கொண்டார். ஏறத்தாழ ஒன்றரை இலக்கம் மக்கள் வாழ்ந்த நகரம் அது. வாக்குரிமை ஏறக்குறைய எல்லார்க்கும் உண்டு. ஆயின் செல்வமும் அறிவும் குடிப்பெருமையும் எல்லார்க்கும் ஒத்தில்லை. இந்நிலையில் உண்மையில் ஆள்பவர் யாவர் என்பதே அவர் எழுப்பிய வினா.

இவ்வினாவிற்கு முன்னரே ஒரு விடை கூறப்பட்டிருந்தது. ஃபிளாய்டு ஹண்டர் என்பார் அட்லாண்டா நகரை ஆராய்ந்து 1953இல் வெளியிட்ட நூலில், நகரத்தைச் சிறுதொகையினரான வணிகத் தலைவர்களே பின்னின்று இயக்குகின்றனர் என்றார். செல்வாக்குடையார் எனப் பிறரால் கருதப்படுவோர் யாவர் என வினவித் தொகுத்ததே அவர் ஆய்வுமுறை. டால் இதனை ஒப்பவில்லை. செல்வாக்கு உண்டெனப் பிறர் கூறுவது வேறு, செல்வாக்கினைச் செலுத்துவது வேறு. எனவே, முடிவுகள் எவ்வாறு எடுக்கப்பட்டன என்பதனையே நேரில் ஆராய்தல் வேண்டும் என்றார். நகரச் சீரமைப்பு, பொதுக்கல்வி, கட்சி வேட்பாளர் தெரிவு ஆகிய மூன்று துறைகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் யார் முன்மொழிந்தார், யார் தடுத்தார், யார் வென்றார் என ஆராய்ந்தார். அவர்தம் மாணவர் ரேமண்டு வுல்ஃபிங்கர் நகர அலுவலகத்திற்குள்ளேயே அமர்ந்து நிகழ்ச்சிகளை உற்றுநோக்கினார்.

நூலின் வரலாற்றுப் பகுதி மிகவும் சிறந்தது. 1784 முதல் நகரத்தலைவர் பதவியில் இருந்தோரை டால் வரிசைப்படுத்துகின்றார். முதலில் பழங்குடிப் பெருமக்கள், 1842க்குப்பின் தொழில்முதல்வர், 20ஆம் நூற்றாண்டில் எளிய குடிகளினின்று எழுந்தோர். முற்காலத்தில் செல்வம், குடிமை, கல்வி, பதவி அனைத்தும் ஒருவர்கண்ணே குவிந்திருந்தன. பிற்காலத்தில் அவை வெவ்வேறு கைகளிற் பிரிந்தன. குவிந்த ஏற்றத்தாழ்வு சிதறிய ஏற்றத்தாழ்வாயிற்று என்பது அவர் முடிபு. ஒரு துறையில் வலியர் மற்றொரு துறையில் மெலியர். ஆகவே ஒரு வர்க்கம் நகரை ஆள்கின்றது என்பதற்கில்லை என்றார். பன்மைக் கொள்கை எனப் பெயர் பெற்ற இக்கருத்திற்கு இந்நூல் தலைசிறந்த சான்றாக விளங்கியது. 1962இல் பரிசு பெற்றது.

பரிசு தகுதியறிந்து தரப்பட்டதே. வதந்தியை விடுத்து நிகழ்ச்சியை ஆராய்தல், வரலாற்றையும் கணக்கையும் இணைத்தல், எடுத்த வினாவினைத் தெளிவுற நிறுத்தல் ஆகிய மூன்றும் இந்நூலின் உறுதியான சிறப்புக்கள். ஆயின் காணாது விடப்பட்டது யாது? பரிசு வழங்கப்பட்ட அதே ஆண்டிலேயே பீட்டர் பாக்ரக், மார்ட்டன் பராட்ஸ் ஆகிய இருவர் அக்கழகத்தின் ஆய்விதழில் இதனைச் சுட்டினர். அதிகாரத்திற்கு இரண்டு முகங்கள் உள என்றனர் அவர். விவாதத்தில் வெல்வது ஒரு முகம். ஒரு பொருள் விவாதத்திற்கே வாராமல் தடுப்பது மற்றொரு முகம். எடுக்கப்பட்ட முடிவுகளை மட்டும் ஆராய்வார்க்கு எடுக்கப்படாத முடிவுகள் புலனாகா.

இக்குறை நூலுக்குள்ளேயே தென்படுகின்றது. நகரத்தலைவர் ரிச்சர்ட் லீ சீரமைப்புப் பணிக்கெனக் குடிமக்கள் குழு ஒன்றனை அமைத்தார். அக்குழு நகரத்தலைவரின் திட்டங்களைத் தடுத்ததில்லை என்பதனை டால் தாமே பதிவு செய்கின்றார். அதனை அவர் நகரத்தலைவரின் திறமைக்குச் சான்றாகக் கொள்வர். திட்டங்கள் வகுக்கப்படும் நிலையிலேயே அக்குழுவினர் ஒவ்வாதவை நீக்கப்பட்டன எனக் கொள்ளுதற்கும் அதே செய்தி இடந்தரும். சீரமைப்பின்போது ஓக் தெருப் பகுதியில் வாழ்ந்த ஏழைமக்களின் குடியிருப்புக்கள் இடிக்கப்பட்டன. முடிவெடுத்தார் யாவர் என்று வினவும் ஆய்வுமுறையில், முடிவால் இடம்பெயர்ந்தார்க்கு இடம் சுருங்கியது. பரிசு பெற்று ஐந்தாண்டுகள் கழிந்து, 1967 ஆகஸ்டில், சீரமைப்பிற்கு முன்மாதிரி எனப் போற்றப்பட்ட அந்நகரிலேயே கலவரம் மூண்டது. வில்லியம் டம்ஹாஃப் 1978இல் அந்நகரின் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்து, வணிகர் பங்கு டால் கண்டதினும் பெரிது என்றார்.

4. இரண்டாம் விடை: வணிகத்தின் தனியிடம்

லிண்ட்புளோமும் யேல் பல்கலைக்கழகத்தவரே. டாலோடு இணைந்து 1953இல் பெருநூல் ஒன்று எழுதியவர். அந்நூலின் 1976ஆம் ஆண்டுப் பதிப்பிற்கு இருவரும் எழுதிய புதிய முன்னுரையில், வணிகரைப் பிற குழுக்களோடு ஒத்த ஒரு குழுவாகக் கருதுதல் பொருந்தாது என்று தம் பழைய கருத்தினைத் திருத்திக்கொண்டனர். அறிவுலகில் இது சிறப்பாகக் குறிக்கத்தக்க நிகழ்ச்சி. அடுத்த ஆண்டில் வெளிவந்த ‘அரசியலும் சந்தைகளும்’ இத்திருத்தத்தின் விரிவே எனலாம்.

லிண்ட்புளோம் கூறும் காரணம் எளிமையும் ஆழமும் உடையது. எங்கே ஆலை எழவேண்டும், எத்தனைபேர்க்கு வேலை, எப்பொருள் விளைய வேண்டும் என்பன பொதுமக்கள் வாழ்வைத் தீர்மானிப்பவை. சந்தைப் பொருளாதார நாட்டில் இம்முடிவுகளை எடுப்போர் நிறுவனத் தலைவர்கள். அரசு அவர்களை ஏவ இயலாது, ஊக்குவிக்கவே இயலும். வேலையின்மை பெருகின் ஆளுங்கட்சி தேர்தலில் வீழும். எனவே எக்கட்சி ஆளினும் வணிகரின் விருப்பத்தை முன்னறிந்து நடத்தல் வேண்டியதாகின்றது. கையூட்டும் சூழ்ச்சியும் இன்றியே இது நிகழும். பிற குழுவினர் கதவைத் தட்டி உள்ளே வரவேண்டும். வணிகர் முன்னரே உள்ளே அமர்ந்துள்ளனர் என இதனை நாம் விளக்கிக்கொள்ளலாம். மேலும், மக்கள் விருப்பமே விளம்பரத்தாலும் செய்தியாலும் உருவாக்கப்படுமாயின், அவ்விருப்பத்தினைக் கொண்டு ஆட்சியை அளத்தல் வட்டத்திற் சுழல்வதாகும் என்றும் அவர் காட்டினார்.

மோபில் எண்ணெய் நிறுவனம் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் தந்து இந்நூலை மறுத்தது. ஆராய்ச்சி நூலொன்று இத்துணை எதிர்ப்பினை எழுப்பியது அரிது. அந்நூலுக்கே கழகம் தன் பரிசினை வழங்கியது. பன்மைக் கொள்கையைப் போற்றிய அதே பரிசு, அக்கொள்கையின் அடித்தளத்தை அசைத்த நூலையும் போற்றியமை, அத்துறையினரின் நடுவுநிலைமைக்குச் சான்றாகும்.

இந்நூலிலும் குறையுண்டு. உறவினை இது நன்கு விளக்குகின்றது. மேலே வரையறுத்த பொருளில், மூன்று நூல்களுள் வர்க்கத்தை மிக அணுகிய நூல் இதுவே. ஆயின் அளவினை இது தரவில்லை. வணிகர் விருப்பம் எத்தனை முறை வென்றது, எத்தனை முறை தோற்றது என்பதற்குக் கணக்கில்லை. தனியிடம் எப்போதும் உண்டெனின், தொழிலாளர் நலச் சட்டங்களும் சுற்றுச்சூழற் சட்டங்களும் சிற்சில காலத்தில் நிறைவேறியது எங்ஙனம் என்னும் வினாவிற்கு நூலில் முழுவிடை இல்லை. இக்கணக்கின் தேவையே அடுத்த தலைமுறை ஆய்விற்கு வழிவகுத்தது.

5. மூன்றாம் விடை: செல்வமும் செல்வாக்கும்

1970களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் வருமான வேறுபாடு விரிந்துகொண்டே சென்றது. கழகம் இதனை ஆராயத் தனிக்குழு ஒன்றனை அமைத்தது. அக்குழு 2004இல் தன் அறிக்கையை வெளியிட்டது. ஏற்றத்தாழ்வு பெருகும் காலத்தில் மக்களாட்சி நிலைக்குமா என்பது அதன் கவலை. லாரி பார்ட்டெல்ஸ் 2008இல் வெளியிட்ட ‘சமனற்ற மக்களாட்சி’ என்னும் நூல், மேலவை உறுப்பினர்களின் வாக்குகளை மக்கள் கருத்தோடு ஒப்பிட்டு, வருமானத்திற் கீழுள்ள மூன்றிலொரு பங்கினரின் கருத்து அவ்வாக்குகளிற் சிறிதும் எதிரொலிக்கவில்லை என்றது. அது கழகத்தின் மற்றொரு பரிசான காமரர் பரிசினைப் பெற்றது. இச்சூழலில் தோன்றியதே கிலென்சின் நூல்.

கிலென்ஸ் மேற்கொண்ட முறை வருமாறு. பல்லாண்டுகளாக நடந்த கருத்தளவீடுகளினின்று, அரசு ஒரு மாற்றத்தைச் செய்யலாமா வேண்டாமா என மக்களை வினவிய வினாக்களைத் திரட்டினார். வருமான வரிசையில் நூற்றுவரை நிறுத்தினால் பத்தாம் இடத்தில் நிற்பவர், ஐம்பதாம் இடத்தில் நிற்பவர், தொண்ணூறாம் இடத்தில் நிற்பவர் ஆகிய மூவர் விருப்பத்தையும் ஒவ்வொரு வினாவிற்கும் கணக்கிட்டார். பின்னர் நான்காண்டுகட்குள் அம்மாற்றம் நிறைவேறியதா என ஆராய்ந்தார். விருப்பங்கள் ஒத்தவழி யார் சொல் கேட்கப்பட்டது எனப் பிரித்தறிய இயலாது. மாறுபட்டவழி, செல்வர் விருப்பத்தோடு அரசின் செயல் இயைந்தது. ஏழையர் விருப்பத்தோடும் நடுத்தர மக்கள் விருப்பத்தோடும் அதற்கு ஏறக்குறைய இயைபே இல்லை. தேர்தல் அணுகும் காலத்திலும், கட்சிகள் ஏறத்தாழச் சமவலிமையோடு நிற்கும் காலத்திலும் நிலைமை சிறிது திருந்துகின்றது என்றும் கண்டார். நூல் 2013இல் பரிசு பெற்றது. அடுத்த ஆண்டில் பெஞ்சமின் பேஜ் என்பாரோடு அவர் எழுதிய கட்டுரை, 1981 முதல் 2002 வரையுள்ள 1,779 வினாக்களைக் கொண்டு இம்முடிபினை வலியுறுத்தியது. செய்தியிதழ்கள் வாயிலாகப் பொதுமக்களிடையேயும் பரவியது.

டால் எழுப்பிய வினாவிற்கு ஐம்பதாண்டுகட்குப்பின் அதே பரிசு பெற்ற நூல் தந்த விடை இது. சிதறியது எனப்பட்ட ஏற்றத்தாழ்வு மீண்டும் குவிந்ததாகக் காணப்பட்டது. எனினும் இவ்விடையும் மறுப்பிற்கு உட்பட்டதே. அலெக்சாண்டர் பிரனம், ஸ்டூவர்ட் சொரோக்கா, கிறிஸ்டோபர் விலெசியன் ஆகிய மூவர் 2017இல் அதே 1,779 வினாக்களை ஆராய்ந்து, செல்வரும் நடுத்தர மக்களும் பெரும்பான்மைக் கருத்தில் மாறுபட்ட வினாக்கள் 185 மட்டுமே எனக் காட்டினர். அவற்றுள்ளும் செல்வர் வென்றவை 53 விழுக்காடு. நடுத்தர மக்கள் வென்றவை எஞ்சியவை. ஏறத்தாழப் பத்தில் ஒன்பது வினாக்களில் இருதிறத்தாரும் ஒத்துள்ளனராதலின், நடுத்தர மக்கள் முற்றும் புறக்கணிக்கப்பட்டனர் என்பது மிகைக்கூற்று என்பர் இவர்.

இம்மறுப்பினை எவ்வாறு மதித்தல் வேண்டும்? கணக்கு சரியே. ஆயின் அது நடுத்தர மக்களைப் பற்றியது; வறியோர் நிலைபற்றிய கிலென்சின் முடிபினை அது முற்றும் வீழ்த்தவில்லை. செல்வர் விருப்பத்தோடு ஒத்தமையால் நிறைவேறிய விருப்பம், தன் வலிமையால் நிறைவேறியதாகாது. பெருமரத்தின் நிழலில் நிற்பவன் வெயிலின்றி இருப்பினும் குடை உடையவன் ஆகான். எனினும் எத்துணைப் பெரிய வேறுபாடு எனும் வினாவில் கிலென்சின் நூல் தந்த உறுதி தளர்ந்துள்ளது என்பதனை ஒப்புதலே நேர்மை.

நாம் கூற விழையும் குறை வேறு. கருத்தளவீடு நடத்துவோர் வினவிய வினாக்களே இவ்வாய்வின் முதற்பொருள். அவர் வினவுவன, ஏற்கெனவே அரசியல் மேடைக்கு வந்தடைந்த பொருள்கள். மேடைக்கு வாராதது வினவப்படுவதில்லை. வினவப்படாதது கணக்கில் ஏறுவதில்லை. பாக்ரக்கும் பராட்சும் 1962இல் சுட்டிய இரண்டாம் முகம் இங்கும் மறைந்தே நிற்கின்றது. டாலின் விடையை மறுத்த நூல், டாலின் ஆய்வுமுறைக்குரிய எல்லையைக் கடக்கவில்லை. இரண்டாவதாக, தொண்ணூறாம் இடத்தில் நிற்பவர் வளமுடையாரே அன்றிப் பெருமுதலாளி அல்லர். உயர்நிலை அலுவலராகவோ மருத்துவராகவோ இருத்தல் கூடும். லிண்ட்புளோம் கூறிய நிறுவனத் தலைவர் இவ்வரிசையில் புலப்படார். வருமானம் அளக்கப்பட்டது, உறவு அளக்கப்படவில்லை.

6. பரிசு காணாதவை

மூன்று நூல்களையும் ஒருங்கு வைத்து நோக்கின், பரிசு போற்றியது எது என்பது புலனாகும். எந்த விடைக்கும் அது அடிமைப்படவில்லை. பெரிய வினாவினைத் தெளிந்த முறையால் ஆராயும் முயற்சியைப் போற்றியது. அதன் பெருமை அதுவே. அதன் எல்லையும் அதனோடு பிறந்தது: முறைக்குள் அடங்காத உண்மை பரிசின் கண்ணுக்கு எளிதிற் படுவதில்லை.

1962இல் டாலுக்குப் பரிசளிக்கப்பட்ட அதே ஆண்டில் மைக்கேல் ஹாரிங்டன் ‘மற்றோர் அமெரிக்கா’ என்னும் நூலை வெளியிட்டார். செழித்த நாட்டின் நடுவே கண்ணுக்குப் புலனாகாது வாழும் கோடிக்கணக்கான ஏழையரைப் பற்றியது அது. அரசியல் ஆய்வுமுறை நூலாக அது எழுதப்படவில்லை. எனினும் வறுமை ஒழிப்பினைப் பற்றிய எண்ணத்தை நாட்டில் தூண்டியதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. கழகத்திற்குள் புதிய அரசியல் அறிவியலை வேண்டிய குழுவினர் 1967இல் ஒன்றுதிரண்டனர். அவ்வழி வந்த பிரிவினர் பின்னர் ஹாரிங்டன் பெயராலேயே ஒரு நூற்பரிசினை நிறுவினர். சிறந்த உலகிற்கான முயற்சிக்குப் புலமை எங்ஙனம் பயன்படும் எனக் காட்டும் நூலுக்கு உரியது அது. வர்க்கமும் ஏற்றத்தாழ்வும் என்னும் பெயரிலேயே இன்று கழகத்தில் ஒரு பிரிவு இயங்குகின்றது. தலைமைப் பரிசு காணாததைக் காண்பதற்குப் பிற பரிசுகள் தோன்றின எனலாம்.

வர்க்கத்தைத் தொழிலடிப்படையில் ஆராய்ந்த நூல்களுள் நிக்கொலஸ் கார்ன்ஸ் 2013இல் வெளியிட்ட நூல் குறிக்கத்தக்கது. அமெரிக்க உழைப்பாளருள் பாதிக்கு மேற்பட்டோர் உடலுழைப்பும் சிறுபணியும் செய்வோர். அத்தகைய தொழிலினின்று நாடாளுமன்றம் புகுந்தோரோ 2 விழுக்காட்டினும் குறைவு. சட்டமியற்றுவோர் முன்பு செய்த தொழில் அவர்தம் பொருளாதார வாக்குகளைப் பெரிதும் பாதிக்கின்றது என்பது அவர் கண்ட முடிபு. மக்கள் விருப்பம் ஏன் கேட்கப்படவில்லை எனக் கிலென்ஸ் வினவ, கேட்கும் இடத்தில் அமர்ந்திருப்பவர் யாவர் எனக் கார்ன்ஸ் வினவினார். அளவினின்று உறவினை நோக்கி ஆய்வு நகர்வதற்கு இஃது ஒரு வழி.

பரிசின் பெயரும் ஆராயத்தக்கது. உட்ரோ வில்சன் கழகத்தின் தலைவராகவும், பின்னர் 1913 முதல் 1921 வரை நாட்டின் தலைவராகவும் விளங்கியவர். அவர் ஆட்சியில்தான் நடுவணரசு அலுவலகங்களில் கறுப்பின ஊழியர் பிரித்துவைக்கப்பட்டனர். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2020இல் தன் பொதுக்கொள்கைப் பள்ளியினின்று அவர் பெயரை நீக்கியது. கழகமும் தன் பரிசிற்கு மெர்ஸ் டேட், எலினார் ஆஸ்ட்ரம் ஆகிய இருவர் பெயரைச் சூட்டியுள்ளது. டேட், ஆக்ஸ்போர்டில் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்மணி. 1950-51இல் விசுவபாரதியிற் பயிற்றுவித்தவர். ஆஸ்ட்ரம், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசினைப் பெற்ற முதற்பெண்மணி. ஏற்றத்தாழ்வினை ஆராய்ந்த நூல்கள், ஏற்றத்தாழ்வினை வளர்த்தவர் ஒருவரின் பெயரால் அரைநூற்றாண்டிற்கு மேல் பரிசு பெற்றன என்பது சிந்திக்கத்தக்கது.

இறுதியாக ஒன்று. இராபர்ட் மெர்ட்டன் என்னும் சமூகவியலார் 1968இல் எழுதிய கட்டுரையில், புகழுடையார்க்கே மேலும் புகழ் சேரும் இயல்பினை மத்தேயு விளைவு என விவிலியப் பகுதியொன்றன் பெயரால் வழங்கினார். அக்கருத்திற்கு ஹாரியட் சக்கர்மன் திரட்டிய சான்றுகளே பெரிதும் துணைநின்றன என்பதனை மெர்ட்டனே பின்னர் ஒப்பினார். விளைவினைக் கூறிய கட்டுரையே அவ்விளைவிற்கு எடுத்துக்காட்டாயிற்று. நாம் ஆராய்ந்த நூலாசிரியருள் டாலும் லிண்ட்புளோமும் யேலைச் சார்ந்தவர். பார்ட்டெல்சும் கிலென்சும் தத்தம் நூல் வெளிவந்த காலத்தில் பிரின்ஸ்டனைச் சார்ந்தவர். இரண்டும் அந்நாட்டின் மிகச் செல்வம் வாய்ந்த பல்கலைக்கழகங்கள். இந்நூல்களின் தகுதியை இது குறைப்பதன்று. ஆயினும் கருத்தளவீடுகளை ஆயிரக்கணக்கில் திரட்டிக் கணக்கிடுதற்குப் பொருளும் ஆளும் காலமும் வேண்டும். அவை வாய்த்த இடத்திலிருந்தே பரிசுக்குரிய முறை பிறக்கின்றது. ஏழையரைப் பற்றிய அறிவும் செல்வம் உள்ள இடத்திலேயே விளைகின்றது என்பது எண்ணிப் பார்த்தற்குரியது.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று கருத்துக்கள் பெறப்படும். ஒன்று, பரிசு ஒரு விடையின் உண்மைக்குச் சான்றாகாது. ஒரே பரிசு, ஒருவர் ஆளவில்லை என்ற நூலுக்கும், வணிகர்க்குத் தனியிடம் உண்டென்ற நூலுக்கும், செல்வர் சொல்லே செல்லும் என்ற நூலுக்கும் சென்றுள்ளது. இரண்டு, பரிசு ஒரு துறையின் செவியைக் காட்டும். எவ்வினாவை எம்முறையால் கேட்டால் அத்துறை செவிசாய்க்கும் என்பதனைப் பரிசுகளின் வரிசை உணர்த்துகின்றது. அளவுக்குக் கிடைத்த செவி உறவுக்கு இன்னும் முழுமையாகக் கிடைக்கவில்லை. மூன்று, பரிசு பெற்ற நூலை அதன் மறுப்பு நூலோடு சேர்த்தே கற்றல் வேண்டும். டாலை பாக்ரக், பராட்ஸ் கட்டுரையோடும், கிலென்சைப் பிரனம் குழுவினர் கட்டுரையோடும் கற்பவரே அந்நூல்களின் உண்மைப் பெருமையை உணர்வர்.

நம் பல்கலைக்கழகங்களில் அரசியல், சமூக ஆய்வுநூல்களைத் தமிழாக்கும் பணி இனியும் பெருகுதல் வேண்டும். பரிசு பெற்றது என்னும் காரணத்தால் மட்டும் ஒரு நூலைத் தெரிந்தெடுத்துத் தமிழாக்கின், நாம் பெறுவது பாதி உண்மையே. விடையைத் தமிழாக்கும்போது மறுப்பையும் உடன் தமிழாக்குதலும், வகுப்பு, வர்க்கம் ஆகிய சொற்களை ஆளுமிடத்து உறவினைக் குறிக்கின்றோமா அளவினைக் குறிக்கின்றோமா எனத் தெளிந்து ஆளுதலும் மொழிபெயர்ப்பாளரின் கடமை. ஒருவர்க்கு ஒரு வாக்கு என்னும் சமன்மை, வாக்குச்சாவடிக்கு வெளியேயும் நிலவுகின்றதா என்னும் வினா எந்நாட்டு மக்களாட்சிக்கும் உரியது. அதற்கு இறுதிவிடை இன்னும் எழுதப்படவில்லை என்பதே இப்பரிசுகளின் வரலாறு உணர்த்தும் முடிபு என்க.